மண்ணகத்துப் பொருள் எவருடையது?

நிலம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் கண்முன் நிற்பது அதன் மேற்பரப்பே. ஏர் உழுவதும், பயிர் தழைப்பதும், வரப்பு நின்று எல்லை காட்டுவதும் மேற்பரப்பில் நிகழ்வன. ஆயினும் நிலம் அம்மேற்பரப்போடு முடிவதன்று. அதன் அடியிற் செம்மண்ணும் சரளையும், அவற்றின் அடியிற் பாறையும், பாறையினுள்ளே ஒரோவழிச் சுண்ணாம்புக்கல்லும் இரும்பும் நிலக்கரியும் அரிய உலோகங்களும் மறைந்து கிடக்கின்றன. மேலே உழுபவனுக்கே அவையும் உரியனவா? நாடு காக்கும் அரசுக்கு உரியனவா? அந்நிலம் இறைவன் திருக்கோயிலுக்கு விடப்பட்டதாயின் எவர்க்கு உரியன? இவ்வினாவின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கும்பாபிஷேக மலரில் தலத்தின் பெருமையும் மூர்த்தியின் அருட்டிறமும் அல்லவோ இடம்பெறத் தகும் என்று அன்பர் சிலர் கருதக்கூடும். சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். திருக்கோயிலின் அதிட்டானமும் சுவரும் தூணும் போதிகையும் ஒரு காலத்தில் யாரோ ஒருவர் நிலத்தின் அடியிற் கிடந்த பாறையே. அப்பாறை வெட்டி எடுக்கப்பெற்றுக் கோயிலாயிற்று. கோயிலான பின் அதன்மேல் எழுத்துப் பொறிக்கப்பெற்றது. அவ்வெழுத்தோ, நிலத்தின் மேலும் கீழும் உள்ள பொருள்கள் எவருக்குரியன என்று கூறலாயிற்று. ஆகவே மண்ணடிப் பொருளின் வரலாறும் கோயிலின் வரலாறும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை.

நம் வடுகபட்டியைச் சூழ்ந்த ஊர்ப்பெயர்களே இவ்வுறவினை நினைவூட்டும். அண்மையில் மேல்மங்கலம், ஜெயமங்கலம் என்னும் ஊர்கள் உள்ளன. மங்கலம் என்று முடியும் பெயர்கள் பெரும்பாலும் மறையவர்க்கு நிலம் வழங்கிய பிரமதேயங்களைக் குறிப்பன. சற்றுத் தொலைவில் உள்ள தேவதானப்பட்டியின் பெயரிலோ, இறைவனுக்கு விடப்பட்ட நிலம் எனப் பொருள்படும் தேவதானம் என்னும் சொல் வெளிப்படையாகவே நிற்கின்றது. வெள்ளைப்பூண்டுச் சந்தையால் நாடறிந்த நம் ஊரில், விளைபொருள் எவருடையது என்பது பற்றி ஐயம் எழுவதில்லை. விளைவித்தவன் கொண்டுவந்து விற்கின்றான். விளைவிக்கப்படாது தானே கிடக்கும் கல்லையும் சரளையையும் கனிமத்தையும் பற்றியே வழக்கு எழுகின்றது.

அரசனும் குடியும்

வடமொழி அற நூல்கள் இதனைப் பங்கு முறையில் வைத்து நோக்கின. பழம்புதையலிலும் நிலத்தடி உலோகங்களிலும் பாதி அரசனுக்கு உரியது என்பது மனு நூலின் விதி. அரசன் நிலத்தைக் காத்தலும், நிலத்துக்குத் தலைவனாதலும் அதற்கு அந்நூல் காட்டும் காரணங்கள். கௌடிலியரின் அர்த்தசாத்திரம் சுரங்கங்களுக்கெனத் தனி அதிகாரியை அமைக்கின்றது. சுரங்கத்தையோ புதையலையோ கண்டறிந்து கூறுபவனுக்கு ஆறில் ஒரு பங்கும், அவன் அரசு ஊழியனாயிற் பன்னிரண்டில் ஒரு பங்கும் அளிக்க வேண்டும் என்று அது விதிக்கின்றது. காவலுக்கு ஒரு பங்கு, கண்டறிந்த முயற்சிக்கு ஒரு பங்கு என்பது இவ்விதிகளின் உட்கிடை.

தமிழ்நாட்டில் நிலவுரிமை பல அடுக்குகளாக அமைந்திருந்தது. பாண்டியர் செப்பேடுகளிற் காராண்மை, மீயாட்சி என்னும் இரு சொற்கள் பயில்கின்றன. நிலத்தை உழுது பயன்கொள்ளும் உரிமை காராண்மை. அதன்மேல் நின்று இறை முதலியன பெறும் உரிமை மீயாட்சி. ஒரே நிலத்தில் இவ்விரண்டும் இருவேறு கைகளில் இருக்கலாம். இரண்டையும் உள்ளடக்கி ஒருவர்க்கே வழங்குதலும் உண்டு. நம் தேனி மாவட்டத்துச் சின்னமனூரிற் கிடைத்த செப்பேடுகள் தமிழ் வரலாற்றிற்குப் பெருஞ்செல்வமாம். அவற்றுட் பெரியது, பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட பாண்டியன் இராசசிம்மன் நற்செய்கைபுத்தூர் என்னும் ஊரைத் தானமாக வழங்கிய செய்தியைக் கூறுவது. மண்ணினின்று எடுத்த செம்பே மண்ணின் உரிமைக்குச் சான்றாயிற்று என்பது நினைந்து மகிழத்தக்கது.

விசயநகர வேந்தர் காலத்தும் அவர்க்குப் பின் நாயக்க மன்னர் காலத்தும் எழுந்த சாசனங்களில் இவ்வுரிமை இன்னும் விரிவாக வரையறுக்கப்பெற்றது. நிதி, நிக்ஷேபம், ஜலம், பாஷாணம், அக்ஷிணி, ஆகாமி, சித்தம், சாத்தியம் என எட்டுப் பயன்களை எண்ணி, அவற்றை அஷ்டபோகம் என்றனர். நிதியாவது புதையல், நிக்ஷேபம் மண்ணில் வைத்து மறைத்த பொருள், ஜலம் நீர், பாஷாணம் கல். அக்ஷிணி முதலிய எஞ்சிய நான்கும் நிலைத்த பயன், இனி வரும் பயன், கைகூடிய பயன், முயன்று பெறும் பயன் என்பவற்றைக் குறிக்கும். எட்டனுள் முதல் நான்கும் மண்ணின் அடியிலும் மண்ணோடு ஒட்டியும் உள்ள பொருள்கள் என்பதை ஊன்றி நோக்குதல் வேண்டும். சாசனம் எழுதினோர் மேற்பரப்பின் விளைவை மட்டும் கருதினாரல்லர். புதையலையும் கல்லையும் பெயர் சொல்லியே வழங்கினர். பெயர் சொல்லாதது பின்னாளில் வழக்காகும் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர் போலும்.

ஆட்சி, ஆவணம், காட்சி

உரிமையை எதனால் நிறுவுவது என்னும் வினாவுக்குச் சைவர்கள் தொலைவிற் சென்று விடை தேட வேண்டுவதில்லை. திருவெண்ணெய்நல்லூர் அவையில் நம்பியாரூரரை அடிமை என்று வழக்கிட்டு வந்த முதிய வேதியரிடம் அவையோர் கேட்டவை மூன்று. தொன்றுதொட்டு வரும் அனுபவமாகிய ஆட்சி, எழுதிய ஓலையாகிய ஆவணம், அயலார் கண்டு கூறும் சாட்சியாகிய காட்சி என்பன அவை. நம்பியாரூரர் முன்பு கிழித்தது படி ஓலை; மூல ஓலையோ வேதியர் கையில் இருந்தது. அதனைப் பாட்டனார் கையெழுத்தோடு ஒப்புநோக்கிய பின்னரே அவையோர் தீர்ப்புக் கூறினர். உலகனைத்தையும் உடைய இறைவனே ஓர் ஓலையைக் காட்டித் தன் உரிமையை நிறுவினான் எனச் சேக்கிழார் பெருமான் பாடியிருக்க, அவ்விறைவன் திருக்கோயிலின் உரிமைக்கு ஆவணம் வேண்டா என்று நாம் இருத்தல் தகுமா?

வரலாற்றிலும் இதற்கு ஒப்புமை உண்டு. வேள்விக்குடியைப் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி வழங்கினான்; இடையே களப்பிரர் அதனை நீக்கினர். எட்டாம் நூற்றாண்டில் நெடுஞ்சடையன் பராந்தகனிடம் கொற்கை கிழான் நற்சிங்கன் முறையிட்டான். பழந்தானத்தை நிறுவிக் காட்டுக என்றான் மன்னன், அவன் நிறுவினான், ஊர் மீண்டும் கிடைத்தது. வேள்விக்குடிச் செப்பேடு கூறும் செய்தி இது. வல்லாட்சியாற் பறிபோன நிலத்தைச் சான்று மீட்டுத் தந்தது.

கும்பினியார் வகுத்த முறைகள்

ஆங்கிலேயர் இந்நாட்டை ஆளத் தொடங்கியபோது அவர்தம் நாட்டிலும் இவ்வழக்கு இருந்தது. 1568-ஆம் ஆண்டில், நார்தம்பர்லாந்துப் பிரபுவின் நிலத்துச் செம்புச் சுரங்கம் பற்றி எழுந்த வழக்கிற் பொன்னும் வெள்ளியும் எவர் நிலத்திற் கிடைப்பினும் முடியரசுக்கே உரியன எனத் தீர்ப்பாயிற்று. ஏனைய தாழ்ந்த உலோகங்கள் நிலவுடையார்க்கு எஞ்சின. பிரெஞ்சு நாட்டிலோ 1810-ஆம் ஆண்டுச் சட்டம் சுரங்கங்களை அரசின் இசைவுக்கு உட்படுத்தியது. ஆங்கிலேயர் கொண்டுவந்த கருத்து, பொதுவாக நிலம் உடையவனுக்கே நிலத்தடியும் உரியது என்பதாகும்.

இக்கருத்தை இங்கே பயன்படுத்துங்கால் நிலம் உடையவன் எவன் என்பதே சிக்கலாயிற்று. நம் பள்ளத்தாக்கிலேயே போடிநாயக்கனூர், கண்டமநாயக்கனூர் முதலியன ஜமீன்களாய் இருந்தன. பிற ஊர்கள் பல, குடியானவன் நேரே அரசுக்குத் தீர்வை செலுத்தும் ரயத்துவாரி முறையில் அமைந்தன. இவற்றிடையே கோயில்களுக்கும் மறையவர்க்கும் ஊழியக்காரர்க்கும் விடப்பட்ட இனாம்கள் சிதறிக் கிடந்தன. 1858-ஆம் ஆண்டில் அமைந்த இனாம் கமிஷன் சென்னை மாகாணத்து இனாம்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து பதிவேட்டில் ஏற்றி, உரிமைப் பட்டயம் வழங்கியது.

கனிமம் பற்றிய கொள்கையும் இந்நில வகைகளை ஒட்டியே வேறுபட்டது. நிரந்தர ஏற்பாட்டுச் சன்னது பெற்ற ஜமீன்களிலும், மலையாள நாட்டு ஜென்ம நிலங்களிலும் கனிமத்தின்மேல் அரசு உரிமை கொண்டாடவில்லை. ரயத்துவாரி பட்டா நிலத்திற் குடியானவன் கனிமம் எடுப்பானாயின், விளைச்சலில் உள்ளதுபோல் அதிலும் அரசுக்கு ஒரு பங்கு உண்டு என்றும், அதனைப் பணமாக மாற்றிப் பெறலாம் என்றும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் சென்னை அரசு கருதியது. கனிமம் முழுதும் அரசினுடையது என்பது அக்காலக் கொள்கையன்று. மனு நூலும் அர்த்தசாத்திரமும் கூறிய பங்கு முறையின் நிழலை இங்கும் காண்கின்றோம்.

இனாம் நிலத்திலோ மற்றொரு நுட்பம் இருந்தது. கோயிலுக்கு விடப்பட்டது மேல்வாரம் மட்டுமா, குடிவாரமும் சேர்ந்ததா என்பதே அது. மேல்வாரம் என்பது அரசன் பெறும் பங்கை இறைவனுக்கு மாற்றித் தருதல். நிலம் உழுபவனிடமே நிற்கும். இருவாரமும் விடப்பட்டதாயின் நிலமே கோயிலுடையது. முன்னர்க் கூறிய மீயாட்சியும் காராண்மையும் இவற்றோடு ஒருவாறு ஒப்பன.

நீதிமன்றங்கள் கூறியவை

இறைவன் பெயரால் அமைந்த நிலத்தின் கனிமம் பற்றிய புகழ்பெற்ற வழக்கு ஒன்று, நிலக்கரி மிகுந்த வடபுலத்தில் எழுந்தது. பாண்ட்ரா ஜமீனைச் சேர்ந்த ஊர் ஒன்றினைத் தேவதானம் எனக் கொண்டு ஆண்ட கோசாயிகள், அதன் அடியில் உள்ள நிலக்கரியும் தமக்குரியது என்றனர். 1910-ஆம் ஆண்டில் இலண்டன் பிரிவி கவுன்சில் அதனை ஏற்கவில்லை. ஜமீன்தார் கனிமத்தை வெளிப்படையாக வழங்கினார் என்பதற்குச் சான்று இல்லாதவிடத்து அஃது ஜமீன்தாருக்கே உரியது எனத் தீர்ப்பளித்தது. நாயக்கர் காலச் சாசனம் எழுதினோர் ‘பாஷாணம்’ என்று பெயர் சொல்லியது எத்துணை அறிவுடைமை என்பதை இத்தீர்ப்பு உணர்த்தும்.

விடுதலைக்குப் பின் நிலை பெரிதும் மாறியது. 1948-ஆம் ஆண்டின் 26-ஆம் சென்னைச் சட்டம் ஜமீன்களை ஒழித்தது. அச்சட்டம் எஸ்டேட்டில் உள்ள காடு, ஏரி, ஆறு, கல் எடுக்குமிடம் ஆகியவற்றோடு சுரங்கங்களையும் கனிமங்களையும் பெயர் சொல்லி அரசுக்கு மாற்றியது. போடியும் கண்டமனூரும் ஆண்ட ஜமீன்களின் நிலத்தடி உரிமை இங்ஙனம் முடிவுற்றது. 1963-ஆம் ஆண்டில் இனாம் ஒழிப்புச் சட்டங்கள் வந்தன. சிற்றினாம்களும் ஒழிக்கப்பெற்று, தகுதியுடையோர்க்கு ரயத்துவாரி பட்டா வழங்கப்பெற்றது. கோயில்களும் அவ்வகையிற் பட்டாதாரர் ஆயின. பழைய அஷ்டபோகம் சட்டத்தின் முன் சுருங்கிப் பட்டாவாயிற்று எனலாம்.

இதற்கிடையே 1957-ஆம் ஆண்டில் இந்திய நாடாளுமன்றம் சுரங்கம், கனிமம் பற்றிய சட்டத்தை இயற்றியது. 1958 சூன் முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. அச்சட்டப்படி உரிமமோ குத்தகையோ இன்றி எவரும் கனிமம் எடுத்தல் ஆகாது. கட்டடக் கல், சரளை, சாதாரணக் களிமண், சாதாரண மணல் ஆகியவற்றைச் சிறுகனிமம் எனப் பிரித்து, அவற்றுக்கு விதி வகுக்கும் பொறுப்பை மாநில அரசுக்கு விட்டது. 1959-ஆம் ஆண்டில் எழுந்த சிறுகனிம விதிகள் இன்றும் தமிழ்நாட்டில் நடைபெறுகின்றன. தன் பட்டா நிலத்துச் சரளையை ஒருவன் வண்டியேற்றி விற்க விரும்பினும் அனுமதி பெற வேண்டும் என்பது இதனாலேயே. பொருள் எவருடையது என்பது ஒன்று. அதனைத் தோண்டி எடுக்க இசைவு தருவது எவர் என்பது வேறொன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு மயங்குவோர் பலராவர்.

1962-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் நெல்லூர்ப் பகுதி வழக்கு ஒன்றை ஆராய்ந்தது. அங்கே சுரோத்ரியம் என்னும் இனாம் ஊரின் இனாம்தார்களிடம் குத்தகை பெற்றோர், அந்நிலத்து அப்பிரகத்தை எடுக்க உரிமை கோரினர். இனாம் என்னும் பெயரால் மட்டும் நிலத்தடி உரிமை கிடைத்துவிடாது. தானப் பட்டயத்தின் சொற்களைக் கொண்டே அது துணியப்பெறும் என்று நீதிமன்றம் கூறியது. திருவெண்ணெய்நல்லூர் அவை கேட்ட ஆவணத்தையே புதுதில்லி அவையும் கேட்டது.

பின்னர் 2013-ஆம் ஆண்டு சூலைத் திங்களில், திரேசியாம்மா ஜேக்கப் என்பாரும் பிறரும் தொடுத்த கேரள வழக்கிற் சிறந்த தீர்ப்பு ஒன்று வெளிவந்தது. மலபார்ப் பகுதியில் ஜென்ம நிலம் உடையோரிடம், அவர்தம் நிலத்தில் எடுத்த சிறுகனிமத்துக்கு ராயல்டி என வழங்கும் உரிமைத் தொகையை அரசு கேட்டது. நிலத்தடிப் பொருள் இயல்பாக நிலவுடையார்க்கே உரியது. தக்க சட்ட வழியால் அவரிடமிருந்து நீக்கப்பட்டாலன்றி அது மாறாது. கனிமமெல்லாம் அரசுக்கே உரியது என்று கூறும் பொதுச் சட்டம் இல்லை என்பன மூவர் அடங்கிய ஆயத்தின் முடிபுகள். 1957-ஆம் ஆண்டுச் சட்டம் தோண்டுதலை ஒழுங்குபடுத்துகின்றதேயன்றி உடைமையைப் பறிக்கவில்லை என்பதும் இதனால் விளங்கும்.

நெல்லூர்த் தீர்ப்பும் மலபார்த் தீர்ப்பும் தம்முள் முரணுவனபோல் தோன்றும், முரணவில்லை. இனாம்தார் கையில் இருந்தது பிறர் கொடுத்த உரிமை. கொடுத்த அளவே அவர் உரிமையின் அளவு. ஜென்மி கையில் இருந்தது முழு உடைமை. அதிற் பறிக்கப்படாதது அவரிடமே நிற்கும். ஆகவே ஒருவர் உரிமையை அறிய விரும்பினால், அந்நிலம் எவ்வழியாக அவர் கைக்கு வந்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

உரிமைத் தொகையின் இயல்பு பற்றிய வழக்கிலும் தமிழ்நாட்டுக்குப் பங்கு உண்டு. சுண்ணாம்புக்கல்லுக்குக் கொடுக்கும் உரிமைத் தொகையின்மேல் ஊராட்சி வரி விதித்தது செல்லாது என இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் தொடுத்த வழக்கில், அத்தொகையும் ஒரு வரியே என 1989-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் கூறியிருந்தது. 2024 சூலை 25-ஆம் நாள் ஒன்பதின்மர் ஆயம் அதனை மாற்றியது. உரிமைத் தொகை வரியன்று, கனிம உரிமையை நுகர்வதற்காகக் குத்தகைதாரர் குத்தகை கொடுப்பவருக்குத் தரும் கைம்மாறு என்பது எண்மர் முடிபு, ஒருவர் மாறுபட்டார். கனிம உரிமைக்கு வரி விதிக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு எனவும் துணியப்பெற்றது. அதனையொட்டித் தமிழ்நாடு இயற்றிய கனிம வள நில வரிச் சட்டம் 2025 ஏப்பிரல் 4 முதல் நடைமுறைக்கு வந்தது. கொடுக்கும் தொகை உடையவருக்குரிய கைம்மாறு என்றான பின், உடையவர் எவர் என்னும் வினா முன்னினும் கனம் பெறுகின்றது.

நெய்வேலியும் அரிட்டாபட்டியும்

சட்டத்தின் சொற்கள் மக்கள் வாழ்வில் எங்ஙனம் விளைகின்றன என்பதற்குத் தமிழ்நாட்டிலிருந்து இரண்டு சான்றுகள் காட்டுவோம். 1930-களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்திற் கிணறு தோண்டியபோது கரிய பொருள் ஒன்று வெளிப்பட்டது. அதுவே பழுப்பு நிலக்கரி. அவர் அறுநூறு ஏக்கருக்கு மேற்பட்ட தம் நிலத்தை அரசுக்கு வழங்கினார். 1956-ஆம் ஆண்டில் நிறுவனம் அமைந்தது. 1957 மே மாதத்தில் நேரு அவர்கள் சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். நாடு ஒளி பெற்றது. அதே வேளையிற் சூழ்ந்த ஊர்களின் மக்கள் பலர் தம் நிலத்தையும் வீட்டையும் விட்டுப் பெயர்ந்தனர். ஒருவர் மனமுவந்து கொடுத்தது கொடை. பலரிடம் சட்டத்தால் எடுத்தது கையகம். இரண்டும் ஒரே மண்ணில் நிகழ்ந்தன.

மற்றொன்று நமக்கு அண்மையது. மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்து அரிட்டாபட்டியிற் பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோயில் உள்ளது. தமிழகத்தில் அருகியே காணப்படும் இலகுலீசர் திருவுருவம் அங்கே அமைந்துள்ளது. மலைமேல் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் சமண முனிவர் படுகைகளும் உள்ளன. 2022-ஆம் ஆண்டில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதிகளின் 193.42 எக்டேர் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பெற்றது. இதனையும் உட்கொண்டு, 2015.51 எக்டேர் பரப்புடைய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதியை ஒன்றிய அரசு ஏலத்தில் விட்டது. 2024 நவம்பரில் இந்துஸ்தான் சிங்க் நிறுவனம் தெரிவாயிற்று. அரிய கனிமங்களை ஒன்றிய அரசே ஏலம் விடலாம் என 2023-ஆம் ஆண்டுத் திருத்தம் இடந்தந்திருந்தது. செய்தி பரவியதும் ஊர் மக்கள் திரண்டெழுந்தனர். 2024 டிசம்பர் 9-ஆம் நாள் தமிழ்நாடு சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் இயற்றியது. 2025 சனவரி 23-ஆம் நாள் ஏலம் நீக்கப்பெற்றது.

இங்கே நாம் ஊன்றி நோக்க வேண்டுவது ஒன்று. அம்மக்கள் பலரிடம் பட்டா இருந்தது. ஆயினும் சுரங்கக் குத்தகை பெற்றவர் நிலத்திற் புகவும், மேற்பரப்பை ஆள்பவர்க்கு இழப்பீடு தரவும் சட்டத்தில் வழியுண்டு. பட்டா அவர்களுக்கு இழப்பீட்டை உறுதி செய்திருக்கும். குடைவரையையும் மலையையும் நீர்ச்சுனையையும் காத்துத் தந்திராது. அவற்றைக் காத்தது ஊரின் ஒற்றுமை. எனவே ஆவணம் வேண்டும்; ஆவணத்தோடு விழிப்பும் வேண்டும்.

நாம் செய்யத்தக்கன

திருப்பணி நிறைவேறித் திருக்குடமுழுக்குக் காணும் இந்நன்னாளில் அறங்காவலரும் ஊர்ப் பெரியோரும் நிலமுடைய குடியானவரும் மனங்கொள்ளத் தக்கவை சில உண்டு.

முதலாவது, தத்தம் நிலத்தின் வழியை அறிதல். அது தொன்றுதொட்டு ரயத்துவாரியா, ஜமீனிலிருந்து வந்ததா, இனாம் ஒழிப்பின்பின் பட்டாவானதா என்பதனை இனாம் பதிவேடு, செட்டில்மெண்ட் பதிவேடு, அ-பதிவேடு, பட்டா, சிட்டா, அடங்கல் ஆகியவற்றைக் கொண்டு தெளிதல் வேண்டும். கோயில் நிலமாயின் அவற்றின் படிகளை ஒருங்கே தொகுத்துக் கோயிலிலேயே வைத்தல் நன்று. இழப்பீடோ உரிமைத் தொகையோ வருங்காலத்தில், தாள் உடையவரே தொகை பெறுவர்.

இரண்டாவது, கையெழுத்திடுமுன் படித்தல். சரளை எடுக்கவும் கல் உடைக்கவும் நிலம் கேட்டு வருவோர் நீட்டும் ஒப்பந்தத்தில், எத்துணை ஆழம், எத்துணை ஆண்டு, எடுத்த பின் குழியை என் செய்வது என்பன எழுதப்பெற்றுள்ளனவா என்று நோக்க வேண்டும். கோயில் நிலத்தை ஐந்தாண்டுக்கு மேற்பட்டுக் குத்தகை விடுவதாயின், 1959-ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டப்படி ஆணையரின் இசைவு இன்றியமையாதது. அஃது இன்றி விடப்பட்டது செல்லாது.

மூன்றாவது, புதையலையும் கனிமத்தையும் வேறுபடுத்தி அறிதல். கிணறு வெட்டுங்கால் படிமமோ காசோ கிடைப்பின் அது 1878-ஆம் ஆண்டுப் புதையற் சட்டத்தின்பாற் படும். மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தல் கடமையாம். உரியவர் இல்லாத புதையலைப் பகிருங்கால் கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கும் நிலமுடையவருக்கு ஒரு பங்கும் என்பது அச்சட்டத்தின் பொதுவிதி. அரசு தானே எடுத்துக்கொள்ள விரும்பின் விலை தந்து பெறும். மறைத்தல் குற்றம், மறைத்த திருமேனி கடல்கடந்து போதலும் உண்டு.

நான்காவது, கல்வெட்டைக் காத்தல். இதுவே யான் மிகவும் வற்புறுத்த விரும்புவது. திருப்பணி என்னும் பெயரால் மணல்வீச்சு முறையிற் சுவரைத் தூய்மை செய்து எழுத்துகளை அழித்த ஊர்கள் உண்டு. சுண்ணாம்பும் வண்ணமும் பூசி மறைத்த ஊர்களும் உண்டு. கல்லை மாற்றியமைக்குங்கால் எழுத்துள்ள முகத்தை உட்புறமாகத் திருப்பி வைத்த ஊர்களும் உண்டு. தொல்லியல் அறிஞர்கள் 1880-களிலிருந்து மைப்படி எடுத்துக் காத்தமையால் அழிந்த சில எழுத்துகள் தாளிலேனும் எஞ்சின. எஞ்சாதன எத்துணையோ! இறைவனுக்கு நிலம் விட்ட மன்னனும் வணிகனும் குடியானவனும் தம் சொல்லைக் கல்லில் எழுதியது, அதனினும் நீடிப்பது பிறிதில்லை எனக் கருதியன்றோ? படி ஓலையைக் கிழித்தாலும் மூல ஓலை உண்டு என்று இறைவன் அவையிற் கூற இயன்றது. நாம் அழிப்பதோ மூல ஓலையையே.

இறுதியாக ஒன்று. உரிமை உண்டு என்பதனாலேயே அனைத்தையும் எடுத்துவிடுதல் அறமாகாது. கோயில் மூர்த்தியைச் சட்டம் என்றும் இளையராகக் கருதுகின்றது. அறங்காவலர் அவர்தம் பொருளைக் காக்கும் கடமையுடையோர். நெல் அறுத்தால் மறு பருவத்தில் நெல் விளையும். பாறையை உடைத்து எடுத்தால் மறு யுகத்திலும் பாறை விளையாது. சரளை போன இடத்திற் கிணற்று நீரும் கீழிறங்கும். தந்தை வைத்த நிலத்தை மைந்தன் கையில் குழியாகக் கொடுப்பது, உரிமை என்னும் பெயர் பெறினும் கேடேயாம். எட்டுப் போகங்களை எண்ணிய முன்னோர் அவற்றுள் வரும்பயனையும் ஒன்றாக வைத்தனர். இனி வருவோர்க்கும் இந்நிலத்திற் பங்கு உண்டு என்பதை அச்சொல் நமக்கு நினைவூட்டுவதாகுக.

கோபுரக் கலசங்களில் நன்னீர் சொரியும் இந்நாளில், கலசத்தின் செம்பும் கோபுரத்தின் கல்லும் அவற்றின் அடியில் உள்ள மண்ணும் நம்மிடம் ஒப்புவிக்கப்பெற்றவை என்னும் எண்ணம் யாவர்க்கும் நிலைபெறுக. ஊர் செழிக்க, உழவு ஓங்க, எழுத்து நிலைக்க. திருவருள் முன்னிற்க.